அச்சு அசலாக ஒரு ராத்திரி

1980 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவினர் தங்களுடைய ‘தி வால்’ நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, முதலில் மேடையேறி வாசித்தது பிங்க் ஃபிளாய்ட் இல்லை. அவர்கள் நான்கு பேரின் முகத்தையும் அச்செடுத்துச் செய்த முகமூடிகளை மாட்டிக்கொண்டு வேறு நான்கு வாத்தியக்காரர்கள் வந்து முதல் பாட்டை வாசித்தார்கள். அதற்கப்புறம்தான் அசல் ஆட்கள் தெரிந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வழியே இல்லை. பெரிய பெரிய அரங்கங்களில் வாசித்து வாசித்துக் கூட்டத்தோடு ஒட்டே இல்லாமல் போய்விட்டது என்ற, குழுவின் ரோஜர் வாட்டர்ஸின் கசப்பிலிருந்து வந்த யோசனை அது. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. நாலு திறமைசாலிகள் அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தை, அதே வெளிச்சத்தில் எழுப்பினால் அந்த நிகழ்ச்சி நிஜமாகவே நடந்துவிடுகிறது. புகழ்பெற்ற ஒரு குழுவை அப்படியே மேடையில் வாசித்துக் காட்டும் டிரிபியூட் பேண்டுகள் இதை நம்பித்தான் வாழ்கின்றன, எனக்கும் அவர்கள்மேல் இவ்வளவு பிரியம் இதனால்தான்.

அந்த ‘தி வால்’ நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு நடக்க நடக்க, குழுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே அட்டைப்பெட்டிச் செங்கற்களை அடுக்கி ஏறத்தாழ 40 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள், கடைசியில் அதை இடித்துத் தள்ளினார்கள். செலவு தாங்காமல் 1980லும் 81லும் சேர்த்து லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் பக்கம், லண்டன், ஜெர்மனியில் டோர்ட்முண்ட் என்று நான்கே ஊர்களில்தான் நடத்த முடிந்தது. இசைத்தட்டு கோடிக்கணக்கில் விற்றது, நிகழ்ச்சியைப் பார்த்தவர்களோ மிகக் கொஞ்சம் பேர். பாட்டு ரெக்கார்டில் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போனில் போட்டுக் கேட்கலாம். நிகழ்ச்சி அப்படி முழுசாக எதிலும் இல்லை, யாராவது மறுபடி நடத்தினால்தான் உண்டு.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். எங்கள் ஊருக்கு இந்த வேலை புதிது கிடையாது. கோயில் திருவிழா என்றால் தெருவை அடைத்து மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரி நடக்கும், அதில் ஒரு குழுவுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டே “ரெக்கார்டுல கேட்ட மாதிரியே இருந்துச்சு” என்பதுதான். சினிமாவில் நாற்பது வயலின் வாசித்த இடத்தை ஒரே ஆள் கீபோர்டில் இடதுகையால் கட்டிக் காப்பாற்ற வேண்டும், வலதுகை அதே நேரத்தில் புல்லாங்குழலாகவும் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கீபோர்டு அண்ணன் பல வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவர் சொல்வார், “பாட்டுல ஒரு வரி மாத்திப் பாடினாக்கூட ஜனம் மன்னிச்சுடும் தம்பி, பி.ஜி.எம்-ல ஒரு சின்ன மணிச் சத்தத்தை விட்டுப் பாரு, பின்னாடி நிக்கறவன் திரும்பிப் போயிடுவான்.” டிரிபியூட் பேண்ட் என்றால் என்னவென்று அவருக்கு நான் ஒரு நிமிஷம்கூட விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மெல்லிசைக் குழு ரெக்கார்டைத் திரும்ப வாசிக்கிறது. நல்ல டிரிபியூட் பேண்ட் ஒரு குறிப்பிட்ட ராத்திரியைத் திரும்ப நடத்தப் பார்க்கிறது. ஒரு டிரிபியூட் பேண்டைப் பற்றி யார் என்னிடம் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, “எந்த வருஷத்து நிகழ்ச்சி?” பதில் வந்தால் அவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், பதில் இல்லாவிட்டால் விக் வைத்துக்கொண்டு ஹிட் பாட்டு வாசிக்கிறவர்கள் (அதிலும் தப்பில்லை, கல்யாண வரவேற்புக்கு அது போதும்).

வருஷம் ஏன் முக்கியம் என்றால், ராக் குழுக்கள் மேடையில் ஒரே பாட்டை ஒரே மாதிரி வைத்திருந்ததில்லை. பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ரெக்கார்டாக வந்தது 1973 மார்ச்சில். அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே, 1972 ஜனவரியில், இங்கிலாந்தில் பிரைட்டன் ஊரில் அதை மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்குக் கருவிகள் கோளாறாகிப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஆரம்ப நாட்களில் இன்று நாம் கேட்கும் சின்தசைசர் ஓட்டம் இல்லை, அந்த இடத்தில் கிட்டாரை வைத்துக்கொண்டு தோன்றியபடி வாசித்தார்கள். பெண்குரல் கதறிப் பாடும் அந்தப் புகழ்பெற்ற பகுதியும் கிடையாது, அங்கே ஆர்கனும் அதன்மேல் பைபிள் வாசிக்கும் பேச்சு டேப்பும்தான். அதனால் ‘டார்க் சைட் முழுவதையும் வாசிக்கப் போகிறோம்’ என்று ஒரு குழு சொன்னால் பேச்சு அங்கே முடியவில்லை. 72ஆ, 73ஆ, 94ஆ? ஒவ்வொன்றுக்கும் ஆள் கணக்கு வேறு, கருவி வேறு, பாட்டின் நீளமே வேறு.

இந்தக் கேள்வியை வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்ட குழு ஒன்று கனடாவில் இருக்கிறது. ‘தி மியூசிக்கல் பாக்ஸ்’ என்று பெயர், 1993இல் மான்ட்ரியலில் தொடங்கியது. ஜெனிசிஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 1970களின் நிகழ்ச்சிகளை மட்டுமே நடத்துகிறார்கள், அதுவும் ஜெனிசிஸின் அனுமதியோடு. அதில் முதல் பாதி பீட்டர் கேப்ரியல் பாடகராக இருந்த காலம். சிவப்புக் கவுன் போட்டு நரித்தலை மாட்டிக்கொண்டு மேடைக்கு வருவார், பூ முகமூடி மாட்டுவார், தலையில் வவ்வால் சிறகு வைப்பார், கிழவன் முகமூடி போட்டுக்கொண்டு தள்ளாடுவார். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடிபடும், பாட்டும் வேஷமும் அங்கே ஒன்றுதான்.

அவர்கள் எடுத்த பெரிய காரியம், ஜெனிசிஸ் 1974 நவம்பர் முதல் 75 மே வரை நூறு தடவைக்கு மேல் நடத்திய ‘தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ நிகழ்ச்சி. ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஓடும் ஒரே கதை, மேடைக்குப் பின்னால் மூன்று திரைகள், அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடு படங்கள் பாட்டோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். இவ்வளவு செய்துவிட்டு, முழு நிகழ்ச்சியை ஒழுங்காகப் படம் பிடித்து வைக்கவில்லை. சுற்றுப்பயணம் முடிந்ததும் கேப்ரியலும் குழுவை விட்டுப் போய்விட்டார், அதோடு அது அழிந்தது. மான்ட்ரியல்காரர்கள் புகைப்படங்களையும், ரசிகர்கள் ரகசியமாகப் பதிவு செய்த டேப்புகளையும், பார்த்தவர்களின் ஞாபகங்களையும் வைத்துக்கொண்டு அதைத் துண்டு துண்டாக எழுப்பினார்கள். ஜெனிசிஸ் தங்களிடமிருந்த அசல் ஸ்லைடுகளைக் கொடுத்தது.

அந்த நிகழ்ச்சியில் ‘ஸ்லிப்பர்மேன்’ என்று ஒரு வேஷம் வரும். உடம்பெல்லாம் கட்டி கட்டியாகத் தொங்கும், தலையையும் மூடியிருக்கும். அந்த உடைக்குள் இருந்துகொண்டு மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோவதே கேப்ரியலுக்குப் பெரும்பாடாக இருந்தது, பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று குழுவுக்குள்ளேயே முனகல் இருந்தது. அதே உடையைத் தைத்து மாட்டிக்கொள்கிறவருக்கு அதே கஷ்டமும் கூடவே வந்துசேரும். இன்றைக்குக் காதோரம் ஒட்டும் சின்ன மைக் வந்துவிட்டது என்றாலும், அந்தப் பாடகர் எப்படி மூச்சு வாங்கினார், எந்த வார்த்தையை விழுங்கினார் என்பதை உடம்பு அந்த உடைக்குள் போனால்தான் கற்றுக்கொள்ளும். பிற்காலத்தில் கேப்ரியல் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் இந்தக் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்தார். அப்பா அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேறு வழியே இல்லை. கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாக்கெட்டும் டிரம்மர் ஃபில் காலின்ஸும் வேறு வேறு சமயங்களில் அவர்கள் மேடையில் ஏறிச் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். இதற்கு மேல் ஒரு டிரிபியூட் பேண்டுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்.

வேஷம் முக்கியமா, சத்தம் முக்கியமா என்ற சண்டை ரசிகர்களிடையே ஓயாது. என் கருத்து, அது அசல் குழுவைப் பொறுத்தது. ஜெனிசிஸுக்கு வேஷம் இல்லாமல் நிகழ்ச்சியே இல்லை. பீட்டில்ஸுக்கு அப்படி இல்லை. லண்டனில் 1980இல் தொடங்கிய ‘பூட்லெக் பீட்டில்ஸ்’ உடை, தலைமுடி, பேச்சு எல்லாவற்றையும் கொண்டுவருகிறது. நியூயார்க்கின் ‘ஃபேப் ஃபோ’ விக்கே வைப்பதில்லை, ரெக்கார்டில் இருக்கும் ஒவ்வொரு குரல் அடுக்கையும் மேடையில் கொண்டுவருவதோடு சரி. நான் இரண்டாவது கட்சி. ஏனென்றால் பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் அவர்கள் செய்த பெரும் சாதனைகளை, ‘சார்ஜென்ட் பெப்பர்’ உட்பட, கச்சேரி மேடையில் அவர்கள் வாசிக்கவே இல்லை. ஆக ஒரு டிரிபியூட் பேண்ட் அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்கும்போது, நடக்காமலே போன ஒரு கச்சேரியை நடத்துகிறது. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஜப்பானில் அகியோ சகுராய் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கிமோனோ விற்கும் வேலையில் இருந்தவர், ‘லெட் செப்பலின்’ என்ற ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜாகவே மேடையில் வாழ்வதற்குப் பல பத்தாண்டுகளைக் கொடுத்தவர். பேஜ் போட்ட உடைகளின் எம்பிராய்டரியை ஊசி ஊசியாகத் திருத்தச் சொல்வார், கிட்டாரின் பிக்கப்பைக் கழற்றி மாற்றச் சொல்வார், பொதுவான ஒரு சோலோ (தனியாக வாசிக்கும் பகுதி) அவருக்குப் போதாது, இன்ன வருஷம் இன்ன ஊரில் வாசித்த சோலோ வேண்டும். 2012இல் டோக்கியோவில் ஜிம்மி பேஜே அவர் நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் சகுராய் வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா போய் அங்குள்ள ஒரு டிரிபியூட் குழுவில் சேர்ந்தார்; அவருடைய கறாரை அந்தக் குழுவால் தாங்க முடியவில்லை, பிரிந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு ஹிட் பாட்டு வேண்டும், இவருக்குக் குறிப்பிட்ட ஒரு ராத்திரி வேண்டும். நான் முழு மனதோடு அவர் பக்கம்.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஐந்தாறு பேர் சேர்ந்து ‘டார்க் சைட்’ முழுவதையும் வாசிப்பதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள். யாரும் முழுநேர வாத்தியக்காரர்கள் இல்லை. கடலூரிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணிநேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் நானும் அடிக்கடி போய் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். புதுச்சேரியில் ஜூன் 21 இசைத் திருநாள், பிரான்ஸ் 1982இல் தொடங்கிய வழக்கம், இங்கும் தெருவிலும் மேடையிலும் யார் யாரோ வாசிப்பார்கள், அதனால் ராக் வாசிக்கிற பையன்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனால் பிங்க் ஃபிளாய்டை அந்த ஓட்டத்தில் வாசிக்க முடியாது. 1973 பாணியில்தான் வாசிப்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள், அந்த ஒரு முடிவே எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

கிட்டாரிஸ்ட் தம்பி மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறவன். முதல் தடவை நான் போனபோது அவன் வாசிக்கவே இல்லை, தரையில் சம்மணம் போட்டு எக்கோ பெடலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கம்பியை வலது உள்ளங்கையின் விளிம்பால் அழுத்தி ஒரே ஒரு தட்டு, அது திரும்பி வரும் சத்தத்தைக் கேட்பது, திருகை நூலிழை திருப்புவது, மறுபடி ஒரு தட்டு. பிங்க் ஃபிளாய்டின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் அன்றைக்கு உபயோகித்தது பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலியக் கருவி, டேப்புக்குப் பதில் உள்ளே காந்த உருளை ஒன்று சுற்றும், அந்தச் சுற்றல் கொஞ்சம் சீரில்லாமல் இருப்பதால்தான் அந்த எக்கோவில் ஒரு லேசான அலைவு. இவன் கையில் இருக்கும் டிஜிட்டல் பெடலோ கணக்கு பிசகாமல் துல்லியமாகத் திருப்பித் தரும். பிசகைக் கொண்டுவருவதுதான் அவன் வேலை. பக்கத்திலிருந்த கீபோர்டு பையன் “போதும்டா, யாருக்குத் தெரியப் போவுது” என்றான். “எனக்குத் தெரியுதே” என்று சொல்லிவிட்டு இவன் மறுபடி தட்டினான்.

டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு வேறு சுமை. பின்னால் வட்டத் திரையில் ஓடும் படம் பாட்டோடு பிசகாமல் சேர வேண்டும், கடிகாரங்கள் ஒரேயடியாக அடிப்பது, காசு குலுங்குவது எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. ஆகவே அவர் காதில் மட்டும் ஹெட்போன் வழியாக ‘டக் டக்’ என்று கிளிக் டிராக் ஓடிக்கொண்டே இருக்கும், கூட்டம் அதைக் கேட்காது, மற்ற எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நன்றாக வாசித்து உணர்ச்சி ஏறும்போது வேகம் கூடுவது மனித இயல்பு, கிளிக் விடாது. அசல் குழுவும் அந்தக் காலத்து டேப் இயந்திரங்களோடு இதே கட்டுக்குள்தான் வாசித்தது என்பதை நினைத்தால் அவர்களுடைய டிரம்மர் நிக் மேசன்மேல் மரியாதை கூடுகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் அந்தப் பெண்குரல் பகுதி. 1973 ஜனவரியில் கிளேர் டோரி என்ற பாடகி ஸ்டுடியோவுக்கு வந்தார். வார்த்தை கிடையாது, மெட்டும் கிடையாது, மனதில் தோன்றியதைப் பாடு என்றார்கள். சில தடவை பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பல வருஷம் கழித்து வழக்குப் போட்டு, 2005இல் சமரசமாகி, அந்தப் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. மனதில் அந்தக் கணத்தில் தோன்றியதை இன்று உலகம் முழுக்க டிரிபியூட் பேண்டுகளில் பாடும் பெண்கள் அசைவுக்கு அசைவு பாடம் செய்துகொண்டு பாடுகிறார்கள். பிங்க் ஃபிளாய்டே பின்னாளில் மேடையில் இதை ஒரே ஆளிடம் விடாமல் பாடகிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது, அவ்வளவு கடினம். முத்தியால்பேட்டையில் பாடுகிற பெண் கர்நாடக சங்கீதம் கற்றவர். அவர் முதல் வேலையாக முழுவதையும் ஸ்வரப்படுத்தி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், அழுகை உடைகிற இடங்களில் மட்டும் ஸ்வரத்துக்குப் பதிலாக அலைகோடு போட்டிருந்தார். தானாகப் பாடிப் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, “முதல்ல அந்தம்மா பாடினது எனக்கு வரட்டும் அண்ணா” என்றார்.

இதற்கு நேர் எதிரான வழியும் ஒன்று இருக்கிறது, அதையும் நான் மதிக்கிறேன். 1997இல் சிகாகோவில் தொடங்கிய ‘டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா’. இவர்கள் எடுத்துக்கொண்ட ‘கிரேட்ஃபுல் டெட்’ குழு 1965 முதல் 1995 வரை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது, ரசிகர்கள் பதிவு செய்துகொள்வதைத் தடுக்கவில்லை, அதனால் டேப்புகள் மலைமலையாக இருக்கின்றன. டார்க் ஸ்டார் அதில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து அன்று வாசித்த பாட்டுகளை அதே வரிசையில் வாசிக்கும், அந்த வருஷம் டிரம்மர் ஒருவரா இருவரா என்று பார்த்து மேடையை அமைக்கும். ஆனால் சோலோக்களைப் பாடம் செய்வதில்லை, அசல் குழு தோன்றியபடி வாசித்தது, ஆகவே நாமும் தோன்றியபடிதான் வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கச்சேரி முடிந்தபின்தான், நீங்கள் கேட்டது இன்ன தேதி இன்ன ஊர்க் கச்சேரி என்று அறிவிப்பார்கள். கூட்டம் நடுவிலேயே தேதியைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். 2009இல் இதன் கிட்டாரிஸ்ட் ஜான் கட்லிசிக்கை, கிரேட்ஃபுல் டெட்டில் மிஞ்சியிருந்தவர்களில் இருவர் தாங்கள் தொடங்கிய புதுக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், 1996இல், ஜூடஸ் ப்ரீஸ்ட் என்ற ராக் குழு தன் டிரிபியூட் குழு ஒன்றிலிருந்தே டிம் ஓவன்ஸைப் பாடகராக எடுத்தது.

“சொந்தமா ஒண்ணு பண்ண மாட்டாங்களா?” என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: பண்ணட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கடலூரில் பிறந்த எனக்கு 1973ஐ நேரில் கேட்க வேறு வழி என்ன? பிங்க் ஃபிளாய்டின் நான்கு பேரும் கடைசியாகச் சேர்ந்து மேடையேறியது 2005இல் லண்டனில், அவர்களில் கீபோர்டு வாசித்த ரிக் ரைட் 2008இல் இறந்துவிட்டார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எந்தக் காலத்திலும் அவர்கள் வந்திருக்கப் போவதில்லை. டேவிட் கில்மோரே தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, 1996இல், ‘ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட்’ என்ற டிரிபியூட் குழுவைத்தான் வாசிக்கக் கூப்பிட்டார். அவர் மேடையில் இருந்த வரை அந்தச் சத்தத்தை மேடைக்கு எதிரே நின்று கேட்டிருக்கவே முடியாது அல்லவா!

முத்தியால்பேட்டைக் குழுவுக்கு ரொம்ப நாள் இல்லாத குறை சாக்ஸபோன். சாக்ஸ் இல்லாமல் ‘டார்க் சைட்’டில் வரும் ‘மணி’ (Money) பாட்டை வாசிக்கவே முடியாது, கீபோர்டில் போட்டுப் பார்த்தார்கள், உயிரில்லை. நம் கீபோர்டு அண்ணன்தான் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மாஸ்டரை அழைத்து வந்தார், கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறவர், கர்நாடக முறையில் கற்றவர். பிங்க் ஃபிளாய்ட் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். எல்லோரையும் மாதக் கணக்கில் திணறடித்த ஏழு எண்ணிக்கைத் தாளம் அது, டிரம்மர் ஒவ்வொரு முறையும் எட்டாவதைத் தேடிப் போய் விழுவார். மாஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “மிஸ்ரம்தானே, இதுக்கு என்ன” என்று ‘தகிட தகதிமி’ சொல்லிக் காட்டினார். எங்கே அழுத்தம் விழ வேண்டும் என்பதை மட்டும் இரண்டு மூன்று முறை கேட்டுச் சரி செய்துகொண்டார்.

அவருக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. டிக் பாரி அந்த ரெக்கார்டில் ஸ்வரத்தைக் கரகரப்பாக, தொண்டையைக் கிழித்த மாதிரி ஊதுவார். மாஸ்டரோ வாழ்நாள் முழுக்கச் சுத்தமாக ஊதப் பழகியவர். ஊதிக்கொண்டே தொண்டைக்குள் உறுமினால் அந்தக் கரகரப்பு வரும் என்று கிட்டாரிஸ்ட் தம்பி எங்கோ பார்த்துச் சொன்னான். மாஸ்டர் சந்தேகமாகத்தான் தொடங்கினார். போன வாரம் நான் போனபோது அந்த உறுமல் நாலைந்து ஸ்வரத்துக்கு நின்றது. சாக்ஸ் முடிந்து கிட்டார் சோலோ தொடங்கும் இடத்தில் தாளம் ஏழிலிருந்து நாலுக்கு மாறும், அங்கே இன்னும் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அந்த ஒரு திருப்பத்தை மட்டும் அன்று மாலை முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது சரியாகிவிட்டால் மழைக்காலத்துக்கு முன்னால் ஹால் பிடிக்கலாம் என்று பேச்சு. தேதி முடிவானதும் இங்கே எழுதுகிறேன், கடலூரிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்கு அவசரப்படாத மாதிரி ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.